ஈஜிஆர் வால்வ் போச்சுன்னு உடனே மாத்திடாதீங்க, முதல்ல இத பாருங்க

ஈஜிஆர் வால்வ்ங்கிறது இன்ஜின் விடுற புகையில கொஞ்சத்த திரும்ப இன்டேக்குக்கு, அதாவது இன்ஜினுக்கு காத்து போற வழிக்கு, அனுப்புற வால்வ். செக் இன்ஜின் லைட் எரியுது, கோளாறு கோட் படிக்கிற ஸ்கேனர்ல பி0401 வருதுன்னா புகை திரும்ப இன்டேக்குக்கு போறது கம்மின்னு அர்த்தம், பி0402ன்னா அளவுக்கு மேல போகுது. கோட் வந்ததுக்காக வால்வ்தான் காலின்னு முடிவு பண்ணாதீங்க, பாதி நேரம் கார்பன் அடைப்புதான் காரணமா இருக்கும்.

முதல்ல அறிகுறிய கவனிங்க. ஐடில்ல வண்டி உதறுது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுதுன்னா வால்வ் திறந்தபடியே மாட்டியிருக்கலாம். பெட்ரோல் வண்டில மேடு ஏறும்போது டொக் டொக்குனு நாக்கிங் கேட்டா திறக்காமலே இருக்கலாம்.

பழைய வேக்கம் டைப்புன்னா (காத்த உறிஞ்சுற இழுப்புல திறக்கிற வால்வ்) இன்ஜின ஐடில்ல விட்டு, ஹேண்ட் வேக்கம் பம்ப வால்வ்ல மாட்டி இழுங்க, இன்ஜின் தடுமாறணும் இல்லனா நின்னுடணும், அதான் நல்ல அறிகுறி. வேக்கம் நிக்காம இறங்குதுன்னா வால்வ் உள்ள இருக்கிற டயாஃப்ரம் (சவ்வு) கிழிஞ்சிருக்கலாம். வேக்கம் நிக்குது, உள்ள தண்டும் நகருது, ஆனா இன்ஜின்ல ஒரு மாற்றமும் இல்லன்னா பாதை அடைச்சிருக்கு, வால்வ் மேல பழி போடாதீங்க.

எலக்ட்ரானிக் டைப்புக்கு ஸ்கேனர் லைவ் டேட்டால ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட அளவும் வால்வ் உண்மையில திறந்த அளவும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒத்துப்போகலன்னா கனெக்டர், வயரிங் செக் பண்ணிட்டு அப்புறம் வால்வ கழட்டுங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் கை வைக்கணும், சூடு பயங்கரமா இருக்கும். க்ளீன் பண்றப்போ க்ளீனர் ஸ்ப்ரே வால்வோட மோட்டார் பக்கம் போகவே கூடாது.

டீசல்ல கூலன்ட் குறையுது, வெளிய எங்கயும் லீக் இல்ல, வெள்ளைப் புகை வேறன்னா ஈஜிஆர் கூலரையும் (திரும்பப் போற புகைய கூலன்ட் வச்சு ஆற வைக்கிற பாகம்) பிரஷர் டெஸ்ட் பண்ணிடுங்க.