கேமராவின் தொழில்நுட்ப விவரப் பட்டியலைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

முதல் கேமராவை வாங்க முனைகிற ஒருவர் விற்பனைத் தளத்தைத் திறந்தால், 24.1 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி, எஃப் 3.5–5.6, ஐஎஸ்ஓ 100–6400 என எண்களும் சுருக்கெழுத்துகளும் அணிவகுத்து நிற்கும். இவற்றில் எது கூடுதலாக இருந்தால் நல்லது, எது குறைவாக இருந்தால் நல்லது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. இந்த எண்களில் எதையும் தனித்துப் படிக்கக் கூடாது என்பதைத்தான் நான் முதலில் வலியுறுத்த விரும்புகிறேன். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துணை எண் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் உண்மையான மதிப்பு தெரியவரும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வெளிவந்த கேனான் ஈஓஎஸ் 1500டி, இந்தியாவில் புதியவர்கள் பலர் கையிலெடுக்கும் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்துக் காட்சியைக் காட்டும் வகை) கேமரா. நீங்கள் வேறு கேமராவை மனத்தில் வைத்திருந்தால், அதன் விவரப் பட்டியலைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தளங்களில் பாதி வரிகள் விடுபட்டிருக்கும்.

படி 1: சென்சாரின் அளவைத் தேடுங்கள்

பெரும்பாலோர் மெகாபிக்சலில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரின் நீள அகலம். 1500டி-யின் சென்சார் 22.3 × 14.9 மி.மீ.; இந்த அளவை ஒட்டிய சென்சார்களுக்கு ஏபிஎஸ்-சி என்று பெயர். ஃபுல் ஃபிரேம் என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவான 36 × 24 மி.மீ. சிறிய கையடக்கக் கேமராக்களிலும் நெடுந்தொலைவு ஜூம் கேமராக்களிலும் காணப்படும் 1/2.3 அங்குலச் சென்சார் ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. மட்டுமே.

பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் 864 சதுர மி.மீ., 1500டி சுமார் 332, சிறிய சென்சார் சுமார் 28. ஒரே எஃப் எண்ணில் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண், படி 3-இல் வரும்), ஒரே ஷட்டர் வேகத்தில் (சென்சார் மேல் ஒளி விழும் நேரம்), பரப்பு பெரிதாக இருக்கும் சென்சார் மொத்தத்தில் அதிக ஒளியைப் பெறுகிறது. மாலை நேரத்திலும் மண்டபத்துக்குள்ளும் எடுக்கும் படங்களில் புள்ளிபுள்ளியாகத் தோன்றும் இரைச்சல் கூடுவதற்கும் குறைவதற்கும் முதன்மையான காரணம் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘1 அங்குலச் சென்சார்’ என்று படித்ததும் அதன் நீளம் 25.4 மி.மீ. என்று நினைத்துவிட வேண்டாம், அது 13.2 × 8.8 மி.மீ. மட்டுமே. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிடும் வழக்கம் இன்றுவரை தொடர்வதால் வந்த குழப்பம் இது. எனவே அங்குலக் கணக்கை நம்பாமல் மி.மீ. கணக்கைத் தேடுங்கள். சென்சார் அளவையே குறிப்பிடாமல் மெகாபிக்சலை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கேமராவை ஒதுக்கிவிடுவது நல்லது.

படி 2: மெகாபிக்சலைச் சென்சாரோடு சேர்த்துப் படியுங்கள்

1500டி எடுக்கும் மிகப் பெரிய படம் 6000 × 4000 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி). பெருக்கினால் 2.4 கோடி, அதாவது 24 மெகாபிக்சல். அச்சிடுவதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 20 × 13 அங்குலப் படத்தை எந்தக் குறையுமின்றி அச்சிடலாம். கைபேசியில் பார்ப்பதற்கும் ஆல்பம் போடுவதற்கும் இதுவே தேவைக்கு மேல். ஆகவே 24-க்கும் 32-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பணத்தைக் கூட்ட வேண்டாம். அந்தப் பணம் லென்ஸுக்குப் போகட்டும். பறவைகளைத் தொலைவிலிருந்து எடுத்து, பிறகு படத்தைப் பெரிதும் வெட்டிப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது.

படி 3: லென்ஸின் முன்வளையத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

1500டி-யோடு வரும் கிட் லென்ஸைக் கையில் எடுத்து அதன் முகப்பைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்தில் 18–55 மி.மீ., 1:3.5–5.6, ஐஎஸ், விட்டக் குறியோடு 58 என்று சிறிய வெள்ளை எழுத்தில் இருக்கும். ஒரு லென்ஸைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

18–55 என்பது குவியத் தூரம். எண் சிறிதானால் காட்சி அகலமாகும். பெரிதானால் தொலைவிலுள்ள பொருள் அருகே வரும். இதன் துணை எண் கிராப் ஃபேக்டர். கேனான் ஏபிஎஸ்-சி கேமராக்களில் அது 1.6, நிக்கான், சோனி ஏபிஎஸ்-சி கேமராக்களில் 1.5. லென்ஸின் எண்ணை இதனால் பெருக்கினால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் அதே காட்சியைத் தரக்கூடிய எண் கிடைக்கும். அதன்படி 18–55 என்பது 29–88-க்குச் சமம். வெவ்வேறு சென்சார் அளவுள்ள இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது இந்தச் சமான எண்களையே ஒப்பிட வேண்டும்.

ஜூம் எத்தனை மடங்கு என்பது பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துக் கிடைப்பது. அதற்குமேல் அதில் பொருள் இல்லை. 55-ஐ 18-ஆல் வகுத்தால் 3 மடங்கு. நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 கேமராவின் லென்ஸ் 4.3–539 மி.மீ., அதாவது 125 மடங்கு. இது சமான எண்ணில் 24–3000 மி.மீ. இவ்வளவு தொலைவை எட்ட முடிவதற்குக் காரணம் அதன் சென்சார் 1/2.3 அங்குலமாக இருப்பதுதான். அதற்கான விலையைக் குறைந்த வெளிச்சத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். டிஜிட்டல் ஜூம் என்ற வரி இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்; அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

அடுத்தது 3.5–5.6. இது அப்பர்ச்சர் எண். குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது என்பதால், எண் சிறிதானால் திறப்பு பெரிது. 18 மி.மீ.-இல் எஃப் 3.5 வரை திறக்கும் இந்த லென்ஸ், 55 மி.மீ.-க்கு ஜூம் செய்ததும் எஃப் 5.6-ஐத் தாண்டித் திறக்காது. கடைக்காரர் முதல் எண்ணைத்தான் சொல்வார். நீங்கள் இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

ஐஎஸ் என்பது கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு. 58 என்பது லென்ஸின் முகப்பில் பொருத்தும் ஃபில்டரின் விட்டம்.

படி 4: அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரே கணக்காகப் போடுங்கள்

ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண். பட்டியலில் இம்மூன்றும் தனித்தனி வரிகளில் இருந்தாலும், படம் எடுக்கும்போது ஒன்றை மாற்றினால் மற்றொன்றை ஈடுகட்ட வேண்டும். ஒளியை இரட்டிப்பாக்குவதையோ பாதியாக்குவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். அப்பர்ச்சரில் 2, 2.8, 4, 5.6, 8 என்பவை ஒவ்வொரு ஸ்டாப் இடைவெளியில் அமைந்தவை. ஷட்டர் வேகத்தில் 1/30, 1/60, 1/125, 1/250. ஐஎஸ்ஓவில் 400, 800, 1600, 3200.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவில் வீட்டுக் கூடத்தில், குழல்விளக்கின் கீழ் ஓடி விளையாடும் குழந்தையைக் கிட் லென்ஸில் 55 மி.மீ. வைத்து எடுக்கிறீர்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6 என்று வைத்தால், கேமரா ஏறத்தாழ 1/30 நொடியைக் காட்டும் என்று கொள்வோம். ஓடும் குழந்தை கலங்காமல் பதிய 1/250 வேண்டும். 1/30-இலிருந்து 1/60, 1/125, 1/250 என மூன்று ஸ்டாப் ஒளி குறைகிறது. அதை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டினால் 3200, 6400, 12800 என்று ஏறும்.

இந்த இடத்தில் பட்டியலைப் பாருங்கள். 1500டி-யின் ஐஎஸ்ஓ 100–6400, நீட்டிப்பு 12800 என்றிருக்கும். நீட்டிப்பு என்பது நிறுவனமே வழக்கமான எல்லைக்கு வெளியே வைத்த அளவு, இரைச்சல் மிகுந்திருக்கும். ஆக, இந்தச் சூழலுக்கு இந்த லென்ஸ் போதாது. ஆனால் அதே கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால், 5.6-இலிருந்து 4, 2.8, 2 என்று மூன்று ஸ்டாப் திறந்து, ஐஎஸ்ஓவை 1600-லேயே வைத்துக்கொண்டு 1/250-ஐப் பெறலாம். கேமராவை மாற்றாமலேயே தீர்வு கிடைத்துவிடுகிறது. கிட் லென்ஸின் படத்தைப் பார்த்துவிட்டு ‘கேமரா சரியில்லை’ என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஐஎஸ் இருக்கிறதே, அது உதவாதா என்று கேட்கலாம். அது உங்கள் கையின் அசைவைத்தான் ஈடுசெய்யும். குழந்தையின் அசைவை நிறுத்தாது. கோபுரத்தையோ உறங்கும் குழந்தையையோ எடுக்கும்போது அது பெரிதும் துணைபுரியும்.

படி 5: மீதி வரிகளை உங்கள் தேவைக்கு ஏற்பப் பாருங்கள்

1500டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் (கேமரா தானாகத் தெளிவைச் சரிசெய்யப் பயன்படுத்தும் இடங்கள்) 9. தொடர் படங்கள் நொடிக்கு 3. ஒரே இடத்தில் நிற்கிறவர்களை எடுக்க இவை தாராளம். விளையாட்டுக்கும் பறக்கும் பறவைக்கும் குறைவு. ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒவ்வொரு பிக்சலுக்கும் 14 பிட், அதாவது 16,384 ஒளிநிலைகள் பதிவாகின்றன. கேமராவே சுருக்கித் தரும் வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், 256 நிலைகள். படத்தைப் பிறகு கணினியில் திருத்த விரும்பினால் ரா வசதி கட்டாயம் வேண்டும்.

வீடியோ வரியில் 1920 × 1080 என்றிருக்கும், 4கே இல்லை. பட்டியலில் இல்லாததையும் கவனிக்க வேண்டும்: இந்தக் கேமராவில் வெளி மைக் பொருத்தும் துளை கிடையாது. யூடியூபில் பேசிப் பதிவிட நினைப்பவருக்கு, மேலே பார்த்த எல்லா எண்களையும்விட இது முக்கியமானது. பேட்டரி 500 படங்கள் என்பது வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) வழியாகப் பார்த்து எடுத்தால் கிடைக்கும் அளவு. திரையைப் பார்த்து எடுத்தால் வெகுவாகக் குறையும்.

படி 6: மவுன்ட் வரியை விட்டுவிடாதீர்கள்

மவுன்ட் என்பது லென்ஸைக் கேமராவில் பொருத்தும் இணைப்பு. லென்ஸைக் கழற்றிவிட்டுக் கேமராவின் உலோக வளையத்தைப் பார்த்தால், ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைச் சதுரமும் தெரியும். சிவப்பு ஈஎஃப் (ஃபுல் ஃபிரேமுக்கும் ஏற்ற) லென்ஸுக்கு, வெள்ளை ஈஎஃப்-எஸ் (ஏபிஎஸ்-சிக்கு மட்டும்) லென்ஸுக்கு. 1500டி இரண்டையும் ஏற்கும். ஆனால் கேனானின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் வெள்ளைச் சதுரம் இருக்காது. உங்கள் ஈஎஃப்-எஸ் லென்ஸ் அவற்றில் பொருந்தாது. 2018-இல் ஈஓஎஸ் ஆர் கேமராவோடு கேனான் ஆர்எஃப் என்ற புதிய மவுன்டுக்கு மாறியது. பழைய லென்ஸ்களை அடாப்டர் வைத்து ஆர்எஃப் கேமராவில் பயன்படுத்தலாம். ஆர்எஃப் லென்ஸை 1500டி-யில் பொருத்த வழியில்லை. ஆகவே இரண்டாவது லென்ஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், பெட்டியின் மேல் எந்த மவுன்டின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.