கரண்ட்டைக் கட் பண்ண வந்தால்

வேலூர் வெயிலில் ஃபேன் நின்றால் என்ன ஆகும்? போன மாதம் காட்பாடியில் பில் கட்டவில்லை என்று பக்கத்து வீட்டு ஃபியூஸ் கேரியரை மின்வாரியத்தினர் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குடியிருப்பவர் பாவம், பில் எஸ்எம்எஸ் ஹவுஸ் ஓனர் போனுக்குப் போயிருக்கிறது! வாடகைக்குக் குடியிருப்பவர்கள் முதலில் மின் இணைப்பில் பதிவாகியிருக்கும் போன் நம்பரை உங்கள் நம்பராக மாற்றுங்கள். பில் கட்ட, ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாள் கெடு.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-ன்படி, பாக்கிக்காகத் துண்டிக்கும் முன் எழுத்து மூலமாக முழுசாக 15 நாள் அவகாசம் தர வேண்டும். பில் தாறுமாறாக வந்திருக்கிறதா? கட்டாமல் சண்டை போடாதீர்கள். கேட்ட தொகை, கடந்த 6 மாதச் சராசரிக் கணக்கு, இரண்டில் குறைந்ததை ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள். தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. அந்தக் கடித நகலில் தேதியோடு சீல் வாங்க மறக்காதீர்கள்.