சோலார் வேலையில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகள் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பேனலைத் தெற்கு பார்த்து வை, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாமல் பார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு அறிவை வாங்கிக்கொள்ளும் விதத்தில்தான் காசு போகிறது.

எண்களை எடுத்துக்கொண்டு காரணத்தை விடுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். ஐரோப்பிய டிசைன் சாஃப்ட்வேரில் மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி என்று முன்பே போட்டிருக்கும். குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும். இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. சென்னையில் மார்கழி விடியலிலேகூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நம் பயம் மே மாத மொட்டைமாடி.

வேளச்சேரியில் ஒரு வீட்டில் 10 பேனல். ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒன்றோடொன்று தொடராக இணைத்த ஒரே வரிசையாக, போட்டிருக்கலாம். மைனஸ் 10-ஐ நம்பி ஐந்து ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். பேனலுக்கு 40 வோல்ட், ஒரு ஸ்ட்ரிங்குக்கு 200. தாளில் சரிதான். ஆனால் அந்த 40 வோல்ட் 25 டிகிரியில் அளந்தது. மதியம் பேனலுக்குள் இருக்கும் செல் 65 டிகிரியைத் தொட்டால், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் இறங்கி 172 ஆகிவிடும். அந்த இன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய 180 வேண்டும். நல்ல வெயிலில்தான் யூனிட் குறைகிறது என்று வீட்டுக்காரர் புலம்பினார். பேனல் பழுது என்று நினைத்து அதை மாற்றும் பேச்சுகூட நடந்தது! உங்கள் ஊரின் குறைந்த வெப்பநிலையையும், கூரையின் உச்ச சூட்டையும் போட்டு இரண்டு பக்கமும் கணக்குப் பாருங்கள்.

உப்புக்காற்றை மறப்பது

கடலோரத் திருவான்மியூரில் சாதாரண இரும்பு போல்ட் போடாதீர்கள், துருப்பிடித்துவிடும்.

சீனப் பேனல் என்றால் மலிவுக் கூலி என்று முடிப்பது

சீனப் பேனல்களில் பரவலாக வந்த பெர்க் (PERC) என்ற செல் வகை 1980-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவில் உருவானது. அங்கே படித்த ஷி ஜெங்ரோங் 2001-இல் சீனாவில் சன்டெக்கைத் தொடங்கினார். இயந்திரங்களில் பல ஜெர்மனியிலிருந்து போயின. சோலார் மின்சாரத்துக்கு நிலையான விலை தந்த ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சந்தையைக் கொடுத்தது. விலை இறங்கியதில் இந்தக் கைமாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கத்தில் இருப்பதைக் கேட்காதது

காற்றாலை சந்தேகத்துக்கும் யூடியூபைத்தான் திறக்கிறார்கள். 1998-இல் டென்மார்க்கின் உதவியோடு தொடங்கிய தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நம் சென்னைப் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. பிற நாட்டுப் பொறியாளர்களுக்கும் அங்கே பயிற்சி நடக்கிறது.