கல்லூரியில் சமூகப் பணியாளர்: சேர்ந்த புதிதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள், தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என இவர்களில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துக் கல்லூரிகளில் சேர்ந்த பிள்ளைகள் அடிக்கடி எனக்குப் போன் செய்கிறார்கள். நாங்கள் வந்த புதிதில் அடித்த அதே கூத்துகள்தான். நேரத்துக்கு வா, பதிவேடு எழுது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

எல்லாவற்றுக்கும் கவுன்சலிங்

பையன் டல்லாக இருக்கிறான் என்று டியூட்டர் அனுப்பி வைப்பார். நம் ஆள் உடனே மூச்சுப் பயிற்சியில் ஆரம்பிப்பார். விசாரித்தால், உதவித்தொகை வரவில்லை, அதனால் கட்டணம் கட்டவில்லை, அதனால் ஹால் டிக்கெட் நிற்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருவது. ஆதார் இணைப்பில் சிக்கல் என்றால் அப்படியே நின்றுவிடும். வங்கிக்குக் கூடவே வரவும், தேர்வுப் பிரிவில் கொஞ்சம் தவணை கேட்கவும்தான் அவனுக்கு ஆள் வேண்டும். உளவியலாளரோடு போட்டி போட நம்மை யாரும் எடுக்கவில்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் யாருக்கெல்லாம் வராமல் இருக்கிறது என்று சேர்ந்தவுடனேயே கேட்கத் தொடங்குங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பேரின் வீட்டு நிலைமை தானாக வெளியே வரும். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின் நகல் ஒன்றும் மேசை டிராயரில் இருக்கட்டும். தேவைப்படும்.

வீட்டுக்குப் போன் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காம். படித்த பெண். ஊர் வேறு மாவட்டம், தங்கியிருந்தது தனியார் விடுதியில். காலை முதல் வகுப்புக்கு வருவதே இல்லை, வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த சமூகப் பணியாளர் தம்பி பொறுமையாகப் பேசினார். அது வரைக்கும் நல்ல வேலை. இரண்டாம் சந்திப்பில் அவள் சொல்லிவிட்டாள்: மாலையில் ஜவுளிக்கடை வேலை, கடை சாத்தி வரவே இரவாகிறது, அப்பா குடிப்பவர், அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்காகச் சம்பளத்தைச் சேர்த்து வைக்கிறாள், வீட்டுக்குத் தெரியாது.

தம்பி சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்து அப்பாவுக்கே போன் போட்டார். கடை பெயர் உட்பட எல்லாம் சொன்னார். அந்த வாரமே அப்பா கடை வாசலில் நின்று மகள் சம்பளத்தைக் கேட்டுச் சத்தம் போட, முதலாளி நமக்கெதற்கு வம்பு என்று அவளை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் வகுப்புக்கு வந்தாள், அப்புறம் அதுவும் இல்லை. பதிவேட்டில், 'பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. கேஸ் முடிந்தது.'

ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். "ஒரு சேஃப் சைடுக்காகத்தான் மேடம்" என்றார். யாருடைய சேஃப் சைடு?

'அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்பது பள்ளிக்கூடப் பழக்கம். கல்லூரியில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் 18 வயது முடிந்திருக்கும், ஓட்டுரிமை இருக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் தகவல் இரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. சாதி மாறிக் காதலிக்கும் பெண்ணின் வீட்டுக்கு நாம் போடும் போன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நாளைக்கு ஏதாவது ஆனால் பெற்றோர் சும்மா விடுவார்களா என்று நிர்வாகம் பயப்படும். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால்தான் எந்தெந்த நிலையில் வீட்டுக்குச் சொல்வோம் என்பதை முதல் வாரமே முதல்வரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். மாணவரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் தனியே விடக் கூடாது, சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும், "வீட்டில் யாரிடம் சொன்னால் உனக்குப் பரவாயில்லை?" என்று கேளுங்கள். அத்தை என்பாள், அக்கா என்பாள், ஊரிலுள்ள பழைய டீச்சரைச் சொல்வாள். படிவத்தில் இருக்கும் எண் அவர்களுடையதாக இருக்காது. துறைத் தலைவர் வந்து என்ன சொன்னாள் என்று கேட்டால், "வருகிறாள் சார், பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள்.

அந்தத் தம்பியின் அறைக்கு அப்புறம் அந்த வகுப்பிலிருந்து ஒரு பெண்ணும் வரவில்லை. விஷயம் பரவ ஒரு மதிய இடைவேளை போதும்.

மாணவர் மீதான ஒழுங்கு விசாரணைக் குழுவில் உட்காருவது

நாற்காலி போட்டுக் கொடுத்தாலும் உட்காராதீர்கள். தண்டனை கொடுக்கும் ஆளிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

அறைக்குள்ளேயே காத்திருப்பது

குத்துவிளக்கு ஏற்றித் திறந்த அறை என்பதற்காக யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பாதிப் பேராசிரியர்கள் உங்களை என்.எஸ்.எஸ். ஆள் என்று நினைத்து, ரத்ததான முகாம் எப்போது என்று கேட்பார்கள். யார் மெஸ்ஸில் சாப்பிடுவதை நிறுத்தினார், யார் லீவுக்கும் ஊருக்குப் போகவில்லை என்பதெல்லாம் மெஸ் அக்காவுக்கும் விடுதி வாட்ச்மேனுக்கும்தான் தெரியும். தினமும் ஒரு டீ அங்கே குடியுங்கள்.

அதே வளாகத்து எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களைக் கேஸ் கேட்க விடுவது

ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள். வேண்டாம்.

ரெஃபர் செய்துவிட்டுக் கைகழுவுவது

அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 என்று சுவரில் ஒட்டுவது நல்லதுதான். ஆனால் அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி. எந்தக் கிழமை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எந்தக் கட்டடத்தில் என்பது நீங்கள் நேரில் போய்ப் பார்த்ததாக இருக்க வேண்டும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. முதல் தடவை கூடவே போங்கள். சீட்டு எந்தக் கவுன்ட்டரில் போடுவது என்று தெரியாமல் திரும்பிவிடும் பிள்ளைகள் உண்டு. அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தாயா, மாத்திரை வாங்கினாயா என்று கேளுங்கள்.