யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்? நீங்களே கணக்குப் பார்க்கலாம்

"இரவு பத்துக்கு வெளிக்கிட்டு அடுத்தநாள் காலமை ஒன்பதுக்கு இறங்குறதெண்டு ரிக்கெற்றிலை கிடக்கு. பதினொரு மணித்தியாலந்தானே?" என்று மாமி கேட்டார். ஜூலையில் மகளிடம் போகிறார். பதினொன்று இல்லை மாமி, இருபதரை. அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான்.

முதலில் தூரம். சுவர்ப் படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட வேண்டாம். தட்டையான படம் ஏமாற்றும். பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுங்கள். நூலை மத்திய கோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி அளங்கள். எங்கள் உருண்டையில் 94 செ.மீ. வந்தது. உண்மையான பூமியில் அது ஏறத்தாழ 40,000 கி.மீ. இனி அதே நூலை யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் பிடித்து இறுக்குங்கள். நூல் மேற்கே அத்திலாந்திக் பக்கம் போகாமல் ரஷ்யாவுக்கு மேலாக ஏறி, கிரீன்லாந்தைத் தொட்டு இறங்கும். மாமி அதை நம்பவில்லை, தானே இழுத்துப் பார்த்தார். நூல் 32 செ.மீ.

32 ÷ 94 × 40,000 = ஏறத்தாழ 13,600 கி.மீ.

கூகுள் வரைபடத்தில் அளந்தால் 13,700 அளவில் வரும். நூலுக்கு இது மோசமில்லை.

ஆனால் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு விமானம் இல்லையே. அதனால் உண்மையான வழியைத் துண்டு துண்டாகக் கூட்ட வேண்டும். கட்டுநாயக்கா (கொழும்பு விமான நிலையம்)–டுபாய் 3,300, டுபாய்–ரொறன்ரோ 11,100. மொத்தம் 14,400 கி.மீ.

அடுத்தது பறக்கும் நேரம். ஒவ்வொரு துண்டையும் 850ஆல் (பெரிய விமானம் மணிக்குப் பறக்கும் கி.மீ.) வகுத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் சேருங்கள். முதல் துண்டு நாலரை, இரண்டாவது பதின்மூன்றரை. மேற்கே போகும்போது எதிர்க்காற்று இருக்கும், ஆகவே நீண்ட துண்டுக்கு இன்னொரு அரை போடுங்கள். மொத்தம் பதினெட்டரை. (பலாலி–சென்னை போன்ற சின்ன விசிறி விமானத்துக்கு 850 சரிவராது, 500ஆல் வகுக்க வேண்டும்.)

சறுக்கும் இடம் மணிக்கூடுதான். ரிக்கெற்றில் புறப்படும் நேரம் எங்கள் நேரம், இறங்கும் நேரம் அவர்களுடைய நேரம். கோடையில் நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னே, குளிர்காலத்தில் பத்தரை. ஆகவே ரொறன்ரோவில் காலை 9 என்றால் இங்கே மாலை 6.30. முதல்நாள் இரவு 10இலிருந்து எண்ணினால் இருபதரை. அதில் பதினெட்டரை வானத்தில், மிச்சம் இரண்டும் டுபாயில். முழங்கால் வருத்தக்காரருக்கு அது காணாது. சக்கர நாற்காலிக்கு அன்றே சொல்லி வைத்தோம்.

கடைசியாக, ரிக்கெற்றில் இல்லாத துண்டு. மூன்று மணித்தியாலம் முந்தி விமான நிலையத்தில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வான் வண்டியில் எட்டு மணித்தியால ஓட்டம், வழியில் சாப்பாடு, தேத்தண்ணி. காலை ஒன்பதுக்கே வெளிக்கிட்டாக வேண்டும். வீட்டுப் படலையிலிருந்து ரொறன்ரோ வரை முப்பத்துமூன்றரை.

மாமி கொஞ்சநேரம் தாளைப் பார்த்தார். "அப்ப இரண்டு நேரத்துக்குப் புட்டுக் கட்டவேணும்."