ஜிஐஎஸ் படிக்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வேலை கேட்டு விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. ஜிஐஎஸ் எனப்படும், எது எங்கே என்ற தரவைக் கணினியில் கையாளும் வரைபடத் துறைக்கு ஆள் தேவை என்பது உண்மைதான். மின்கம்பம் முதல் ஃபைபர் கேபிள் வரை, சொத்துவரி முதல் பயிர்க் காப்பீடு வரை, எது எங்கே இருக்கிறது என்ற தரவு இல்லாமல் இன்று எதுவும் நகர்வதில்லை. வரைபடத் தயாரிப்புக்கு இருந்த முன்அனுமதிக் கட்டுப்பாடுகளை 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தளர்த்திய பிறகு, உள்நாட்டுத் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் செய்யும் தவறுகள் மட்டும் மாறவில்லை. அவற்றில் பாதி நான் சேர்ந்த புதிதில் செய்தவைதான். கோப்பைச் சேமிக்க மறப்பது, வடக்கு அம்புக்குறி போடாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தாமாகச் சரியாகிவிடும்.

பொத்தான்களைப் படித்துவிட்டுப் பூமியைப் படிக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பணம் கட்டி, மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய், ஐந்தாறு மென்பொருள்களின் பெயரை விண்ணப்பத்தில் வரிசையாக எழுதியிருப்பார்கள். ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணான ஆள்கூறு பற்றிக் கேட்டால் மௌனம்.

நேர்காணலில் நான் கொடுக்கும் சோதனை எளிதானது. ஒரு கோப்புறையில் இரண்டு அடுக்குகள் (வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் தரவுத் தொகுதிகள்) இருக்கும். ஒன்றில் கோவைப் பகுதிக் கிணறுகள், மற்றொன்றில் மதுரைப் பகுதிக் கிணறுகள். மதுரை அடுக்கின் எண்கள் எந்த ஆள்கூறு முறையில் உள்ளன என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பை வேண்டுமென்றே நீக்கியிருப்பேன். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சரியான இடத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் கோவை அடுக்கில் என்ன முறை இருக்கிறதோ அதையே மதுரைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மதுரைக் கிணறுகள் அத்தனையும் லட்சத்தீவின் கவரத்திக்குத் தென்மேற்கே அரபிக் கடலில் போய் விழுகின்றன. அதைவிடக் கொடுமை, சிலர் அந்த அடுக்கை மவுஸால் இழுத்துவந்து மதுரையின் மேல் வைத்துவிட்டு, "முடித்துவிட்டேன் சார்" என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

யூடிஎம் என்பது பூமியை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எண்களைப் புதிதாகத் தொடங்கி, இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. அதில் மண்டலம் 43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. அந்தக் கோடு தமிழ்நாட்டைப் பிளந்துகொண்டு போகிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43இல் இருக்கின்றன. சேலம், மதுரை, திருச்சி, சென்னை 44இல். திண்டுக்கல் நகரம் 43இன் விளிம்பில், கோட்டை ஒட்டி நிற்கிறது. மதுரைக்கு 44இல் கிழக்கு ஆள்கூறு ஏறத்தாழ 1,84,000 மீட்டர். அதே எண்ணை 43 என்று வாசித்தால் கிணறு சுமார் 650 கி.மீ. மேற்கே போய்விடும். இந்த மாநிலத்தில் வரைபட வேலை செய்ய வருகிறவருக்கு இது முதல் வாரப் பாடமாக இருக்க வேண்டும்.

மதுரை அடுக்கை 44 என்று முதலில் அறிவிக்க வேண்டும். பிறகுதான் தேவைப்பட்டால் 43க்கு மாற்ற வேண்டும். அறிவிப்பது வேறு, மாற்றுவது வேறு. அறிவிக்கும்போது எண்கள் அப்படியே இருக்கும். மாற்றும்போது மென்பொருள் அவற்றைப் புதிதாகக் கணக்கிடும். ஏக்கரில் எழுதிய பரப்பில் 'ஏக்கர்' என்பதை அடித்துவிட்டு 'ஹெக்டேர்' என்று எழுதினால் நிலம் பெருகிவிடுமா? அந்த வேலையைத்தான் இவர்கள் செய்கிறார்கள்.

650 கி.மீ. பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் படாத பிழைதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு நிறுவனத்தில் தடுப்பணைகளுக்கு இடம் குறிக்கும் வேலை நடந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் பழைய டோபோ ஷீட்டை (நிலக்கூறுகளைக் காட்டும் அச்சு வரைபடத்தை) ஸ்கேன் செய்து, அதன் மூலைகளில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே எடுத்து டபிள்யூஜிஎஸ் 84 என்று அறிவித்துவிட்டான். அந்தத் தாள் எவரெஸ்ட் 1830 என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய அளவீட்டில் வரையப்பட்டது. ஜிபிஎஸ் கருவி பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். திரையில் ஓடையும் ஏரிக்கரையும் அழகாகவே தெரிந்தன. களத்துக்குப் போன குழு, ஓடைக்கு என்று குறித்த இடத்தில் ஒருவருடைய தென்னந்தோப்பில் போய் நின்றது. நிலத்துக்காரர் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாப் புள்ளிகளையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று, அந்தச் செலவை நிறுவனமே ஏற்றது. பையனுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

அவன் சோம்பேறி அல்லன். அவன் படித்த மூன்று மாத வகுப்பில் இப்படி ஒரு கோப்பைக் கண்ணிலேயே காட்டவில்லை. பயிற்சி மையங்களில் தருகிற தரவு துடைத்து வைத்த தரவு. எல்லாக் கோப்புகளும் இருக்கும், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும், ஒவ்வோர் அணிக்கும் அதே கோப்புறைதான். அலுவலகத்துக்கு வருகிற தரவு அப்படி வருவதே இல்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேளுங்கள். களத்துக்கு அழைத்துப்போய் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியைத் தொட விடுவார்களா? புவியின் வடிவம், உயர அளவீடு பற்றிய பாடம் இருக்கிறதா? பழுதான தரவைக் கையில் கொடுப்பார்களா? "நூறு சதவீதம் வேலை உறுதி" என்ற பதில் இந்தக் கேள்விகளுக்கான பதில் ஆகாது.

மென்பொருளை மட்டும் பழகுவதற்குப் பணமே வேண்டியதில்லை. க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். 10 மீட்டர் பிரிதிறனுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழிக் குறும்படிப்புகளைக் கட்டணமின்றி நடத்துகிறது.

ட்ரோன் சான்றிதழை வரைபடச் சான்றிதழ் என்று நம்புவது

பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது நிறைந்தவர் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயின்று தொலைநிலை விமானி சான்றிதழ் பெறலாம். 2021ஆம் ஆண்டு விதிகள் வழியை எளிதாக்கிவிட்டன. அந்தச் சான்றிதழ் சொல்வது பறக்கவிடத் தெரியும் என்பதை மட்டுமே. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (படத்தைச் சரியான இடத்தில் பொருத்த உதவும் புள்ளிகளை) அளக்காமல் சாதாரண ட்ரோன் எடுக்கிற படம் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், நிலத்தோடு ஒப்பிட்டால் சில மீட்டர் தள்ளி நிற்கும். வரப்புத் தகராறு இருக்கிற ஊரில் சில மீட்டர் என்பது சாதாரண விஷயமா?

டிஜிட்டைசிங் வேலையிலேயே உட்கார்ந்துவிடுவது

படத்தில் இருப்பதைக் கணினியில் கோடு கோடாக வரையும் இந்த வேலைக்கு ஓராண்டு போதும். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

உள்ளூர் ஆவணங்களைத் தொடாமல் இருப்பது

வெளிநாட்டு நகரத்தின் மாதிரித் தரவில் அழகான வரைபடம் செய்து கொண்டுவருவார்கள். ஒரு புலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசின் புலப்படத்தை நீட்டினால் தலைகீழாகப் பிடிப்பார்கள். ஜி லைன் (அளவைக்கான அடிப்படைக் கோடு) எது, எல்லைக் கல் எது, அளவுகளை எந்த வரிசையில் வாசிப்பது என்று தெரிந்த இளைஞர் கிடைப்பது அரிது. உங்கள் ஊர்ப் புலங்கள் சிலவற்றின் படத்தை எடுத்து, கிராம வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். எங்கே இடைவெளி விழுகிறது, எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள். நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

சான்றிதழ்களை அடுக்குவது

யாரும் எண்ணுவதில்லை.

வேலை அறிவிக்கையைப் படிக்காமல் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. இன்று அங்கே ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இளநிலைப் படிப்பு இருக்கிறது. முதுநிலைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், டேராடூன் என்று வழிகள் உண்டு. 2022 முதல் கேட் தேர்விலும் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவையும் இடம்சார் தரவும் சேர்ந்த பாடம்) தனித்தாளாக வந்துவிட்டது. ஆராய்ச்சிக்கோ செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வுக்கோ போகிறவருக்கு இவை சரியான பாதைகள்.

ஆனால் மாநில நில அளவைத் துறையில் நில அளவர், வரைவாளர் ஆவதே குறிக்கோள் என்றால், ஐடிஐ சர்வேயர் பிரிவோ சிவில் டிப்ளமோவோதான் நேர்வழி. எம்.டெக். முடித்துவிட்டு அந்தத் தேர்வுக்குத் தகுதி தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில அறிவிக்கைகளில் சிவில், புவியியல், நிலவியல் என்று பட்டங்களின் பெயர் வரிசையாக இருக்கும்; உங்கள் பட்டத்தின் பெயர் அதில் இருக்காது. நீங்கள் விரும்பும் பதவிக்கு முந்தைய ஆண்டுகளில் வந்த அறிவிக்கைகளை எடுத்துத் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். பெயர் இல்லையென்றால், உங்கள் பட்டம் அவற்றுக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை உண்டா என்று சேர்க்கைக்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.