பாட்காஸ்டுக்குக் கேமரா வைக்குமுன்: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

செங்கோட்டையில் ஒரு மாடி அறை, மேலே தகர ஷீட், உள்ளே நானும் நண்பனும் இரண்டு மைக்கும். மூன்று வருஷமாக இந்தக் கேரள எல்லைப்புறத்து ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, ஆடியோவாகப் போட்டுக்கொண்டிருந்தோம். புளியரை வழியாக லாரி ஓட்டுகிறவர், ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர், 1956 நவம்பர் 1-ல் ஊர் திரு-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள், இப்படி. கேட்கிற கூட்டம் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. வழியில் பார்க்கிறவர்களெல்லாம் "வீடியோ போடுங்கப்பா" என்றார்கள். மாதத்துக்கு 100 கோடிப் பேருக்கு மேல் தன்னிடம் பாட்காஸ்ட் பார்க்க வருகிறார்கள் என்று யூடியூப் 2025 பிப்ரவரியில் சொன்னதும் நண்பன் கேமரா கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தான். சரி என்று வைத்தோம். முதல் ஆறு மாதம் பண்ணியது பூராவும் தப்பு.

ஆரம்பத் தப்பு, ஆடியோவையே ஒரு படத்தின் மேல் ஒட்டி வீடியோ என்று சொல்லிக்கொண்டது. எபிசோடுகளை எல்லாச் செயலிகளுக்கும் கொண்டுபோகும் உங்கள் ஆர்எஸ்எஸ் ஃபீடின் முகவரியைக் கொடுத்தால் யூடியூபே அட்டைப்படத்தை வைத்து வீடியோவாக்கிப் போட்டுக்கொள்ளும், அதில் குற்றம் ஒன்றுமில்லை, தேடுகிறவர் கண்ணில் படும். ஆனால் அசையாத படத்தை 50 நிமிஷம் பார்க்க எவனுக்கும் தலையெழுத்து இல்லை. அதை வைத்துக்கொண்டு கூட்டம் ஏன் ஏறவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பெரிய தப்பு சத்தத்தில்தான். கையிலிருந்த காசெல்லாம் கேமராவுக்குப் போனது, மைக் பழையதே. அதுகூடப் பரவாயில்லை, மைக் முகத்தை மறைக்கிறது என்று அதைப் பிரேமுக்கு வெளியே, மூன்றடி தள்ளி வைத்தோம். ஜூன் மாதம் வேறு. குற்றாலச் சாரலுக்கு ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள், எங்கள் தகரத்துக்கு அது வேறு மாதிரி. பேசுகிற ஆள் வாயிலிருந்து மைக் ஓர் ஒன்றரைச் சாண் தூரத்தில் இருந்தவரை தகரத்தில் விழும் சாரல் பின்னால் மெதுவாகக் கேட்டது, கேட்பதற்குச் சுகமாகவே இருந்தது. மூன்றடி தள்ளியதும் மனிதர் பேச்சும் மழையும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. எடிட்டில் இரைச்சலை எடுக்கப் பார்த்தால் அந்த ஆள் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆனார். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், காதுக்கு வலித்தால் அடுத்த நிமிஷம் போய்விடுகிறார்கள். மைக் படத்தில் தெரிந்துவிட்டுப் போகட்டும். பாட்காஸ்டில் மைக் தெரிவது ஒரு குறையா?

வெளிச்சம். அறையில் பழைய டியூப்லைட். முதல் எபிசோடில் பெரியவர் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தன, கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்கே போனோம். கேமராவில் கோளாறு இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு 100 தடவை துடிக்கிறது, கேமராவோ 1/60 ஷட்டரில், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் செகண்டில் 60-ல் ஒரு பங்கு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடும்படி இருந்தது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்றி, பிரேம் ரேட்டை, அதாவது செகண்டுக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை, 25-ல் வைத்தால் போதும். அதோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம் என்று விருந்தாளியிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், திரையில் அது நெளியும். கண்ணாடி போட்டவர் முன்னால் ரிங் லைட்டை வைத்தால் இரண்டு கண்ணிலும் இரண்டு வளையம்.

உதடும் சத்தமும் ஒத்துவராத பிரச்சினை இருக்கிறதே, அது எங்கள் ஒரு வாரத்தைத் தின்றது. போனில் படம், தனி ரெக்கார்டரில் சத்தம். தொடக்கத்தில் கை தட்டி ஒத்து வைத்தோம், அருமை. நாற்பதாவது நிமிஷத்தில் பார்த்தால் வாய் அசைந்து முடிந்த பிறகு பேச்சு வருகிறது. காரணம், பெரும்பாலான போன்கள் சீரான வேகத்தில் பிரேம் எடுப்பதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்துக் கூட்டும் குறைக்கும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் போட்டு ஒரே சீரான பிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரெக்கார்டரில் சாம்பிள் ரேட்டை (செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறது என்ற கணக்கு) 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோ வழக்கமாக அதில்தான் இருக்கும். முடிக்கும்போதும் ஒரு தடவை கை தட்டுங்கள், விலகல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், போனை ஏரோபிளேன் மோடில் போடாமல் எடுத்து, நடுவில் கல்யாணத்துக்கு அழைக்க ஒரு சித்தப்பா போன் பண்ணி ரெக்கார்டிங் நின்றுபோன கதையும் உண்டு. 4கே ஆசையும் எங்களுக்கு இருந்தது. ஒரு மணி நேரத்துக்கே போனைப் பொறுத்து 10 ஜிபி, 20 ஜிபி என்று போகும் அது, பேசுகிற இரண்டு முகத்துக்கு 1080பி தாராளம்.

இதையெல்லாம் காசு கொடுத்தோ கற்றுக்கொண்டோ சரிசெய்யலாம். ஆளை மட்டும் முடியாது. ஆடியோவில் மணிக்கணக்கில் பேசிய ஒரு அம்மாள், சிறு வயதில் மலையேறி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவர், கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு "ஆமா", "இல்ல" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். முன்கூட்டிக் கேட்காமல் கேமராவை வைத்தது எங்கள் தப்பு. பேசச் சம்மதித்தவர் முகம் காட்டவும் சம்மதித்தார் என்று எப்படி நினைத்தோமோ! பாஸ் இல்லாமல் அந்தக் காலத்தில் அரிசி கடத்திய கதையை மைக்கில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், முகத்தோடு சொல்ல மாட்டார்கள், சொல்லச் சொல்வதும் நியாயமில்லை. இன்னொரு நாள் அதே அம்மாளின் கையை மட்டும் எடுத்தோம். வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பு கிள்ளி, விரல் நுனியால் சுண்ணாம்பு தடவுகிற கை. முகமே வராத அந்த எபிசோடைத்தான் ஜனங்கள் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள்.

வீடியோ வந்ததும் கேட்கிறவர்களை மறந்துவிடுவது அடுத்தது. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு "இதோ இப்படி இருந்துச்சு" என்று கையை விரித்தால் என்ன தெரியும்? 13 கண் பாலத்தின் பழைய போட்டோ ஒன்றை நண்பன் கேமராவுக்குக் காட்டிவிட்டு இரண்டு நிமிஷம் ரசித்தான், ஆடியோவில் அது இரண்டு நிமிஷ மௌனம். கழுதுருட்டியில் இருக்கிற கருங்கல் பாலம், 1904-ல் ரயில் போக ஆரம்பித்த வழி என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது.

எங்கள் ஊர்ப் பேச்சில் மலையாளம் கலந்துதான் வரும். தானாக வரும் சப்டைட்டிலை நம்பி விட்டால் கந்தரகோளம். ஒரு தாத்தா "அந்தத் தெருவுல வெள்ளமே வராது" என்றார், குடிதண்ணீரைச் சொன்னார். மதுரைக்காரர் ஒருவர், மேடான தெருவோ என்று போனில் கேட்டார். இந்த மாதிரி இடத்தில் திரையில் ஒரு சொல் போடுவதற்குத்தானே வீடியோவே!

டீக்கடையில் வைத்து எடுத்தால் உயிரோட்டமாக இருக்கும் என்று போனோம். பின்னால் சினிமாப் பாட்டு. ஆடியோ ஃபீடில் யாரும் கண்டுகொள்ளாமல் போயிருக்கலாம், யூடியூபில் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி விடாது, உரிமைக்காரர் வருமானத்தை எடுத்துக்கொள்ளவோ வீடியோவை முடக்கவோ செய்யலாம். கடைக்காரரிடம் அரை மணி நேரம் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கூடுதலாக நாலு டீ வாங்கிக் குடிப்பது மலிவு.

கணக்குப் பார்ப்பதிலும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யூடியூப் வியூவும் பாட்காஸ்ட் டவுன்லோடும் ஒன்றல்ல, கூட்டிச் சொல்வது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. ஸ்பாட்டிஃபையில் வீடியோ ஏற்றினால் ஃபீடில் போகும் ஆடியோவுக்குப் பதில் வீடியோவின் சத்தமே ஓடக்கூடும், அந்தக் கேட்பு உங்கள் ஆடியோவை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையின் கணக்கில் விழாமலும் போகலாம், ஏற்றுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிஷம் வரை போடலாம், அதற்காக மூன்று நிமிஷமும் இழுக்க வேண்டாம், ஒரு முழு சம்பவம் இருக்கிற துண்டாக வெட்டுங்கள். தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் எழுத்து வைக்காதீர்கள், நேரம் காட்டும் கட்டம் அதன்மேல் உட்காரும். வீடியோவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் சாப்டர் வேண்டுமென்றால், விவரக்குறிப்பில் போடும் நேரங்கள் 00:00-ல் தொடங்கிக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது.

இப்போது ஒவ்வொரு எபிசோடையும் போடுவதற்கு முன் ஒரு தடவை கண்ணை மூடிக் கேட்கிறோம், ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறோம். போன வாரம் எடுத்தது இரண்டிலும் தேறிவிட்டது. ஆனால் ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்ததில் நண்பன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது அப்படியே தெரிகிறது, அதற்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.